கறார் அக்கா புதுப்பித்த ஒப்பந்தம்

அந்தத் தெருவில் அவளுக்குக் கறார் அக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வங்கிப் புத்தகத்துக்கும் ரேஷன் அட்டைக்கும் மட்டும் பயன்பட்டது. அவளைவிட மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் தூரத்தில் வருவதைப் பார்த்ததுமே கடைக்காரர்கள் மனசுக்குள் விலையை ஏற்றி வைத்துக்கொள்வார்கள். அவளும் அது தெரிந்தே கூடுதலாகக் குறைப்பாள். கடைசியில் எல்லாம் நியாய விலைக்கே வந்து சேரும். நடுவில் இரண்டு பேருக்கும் அரைமணி நேரம் நன்றாகப் பொழுது போயிருக்கும்.

அவள் தொழில் பல் செட் செய்வது. மாடிவீட்டின் முன்னறைதான் பட்டறை. ஜன்னலை ஒட்டி ஒரு நீள மேஜை. அதில் பிளாஸ்டர் அச்சுகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சிலால் டாக்டரின் அடையாளமும் நோயாளியின் எண்ணும் எழுதியிருக்கும். மெழுகு உருக்கச் சின்ன விளக்கு, தேய்க்கும் சக்கரம், ஈறு நிறத்தில் பவுடர் டப்பாக்கள். பல்லில்லாத வாயின் அச்சைக் கையில் வாங்கிப் பார்த்தே, அந்த மனிதர் எந்தப் பக்கம் மெல்லுகிறவர், எத்தனை வருடமாகப் பல்லில்லாமல் சமாளிக்கிறவர் என்று சொல்லிவிடுவாள். பதினோரு டாக்டர்கள் அவளுக்கு வேலை அனுப்பினார்கள். அச்சு கூரியரில் வரும். உதட்டின் படமும் மிச்சப் பல்லின் நிறமும் இணையத்தில் வரும். இணையம் ஒரு நாள் படுத்துவிட்டால், எங்கோ ஒருவர் இன்னொரு நாள் மெல்லாமல் விழுங்க வேண்டியதுதான்.

அவள் கணவருக்குப் பட்டப்பெயர் மைக். பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. எந்த வண்டி எந்த மேடையில், எத்தனை மணிக்கு என்று இருபத்தொன்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மைக் கெட்டுப்போன நாட்களில் கண்ணாடி ஜன்னலைத் திறந்து தலையை நீட்டிச் சொன்னாலே ஏழாவது மேடை வரைக்கும் கேட்கும் என்று அவரே சொல்லிக்கொள்வார். பொய்யில்லை, உண்மையிலேயே கேட்கும். கல்யாணத்துக்கு முன் தன் பழைய மேஜை விசிறியை விற்க வந்தவர் அவர். அவள் பேசிய பேச்சில் அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டு, அதைத் தானே சுமந்துகொண்டு வந்து மாடியில் வைத்துவிட்டும் போனார். அதற்கப்புறம் வாரா வாரம் விசிறி ஓடுகிறதா என்று பார்க்க வந்தார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இந்த வீட்டில் இரண்டு பேருக்குமே வாய்தான் முதல்.

தொலைபேசி கம்பெனியோடு அவளுக்கு இருந்தது பழைய பகை. வீட்டு இணையம், இரண்டு மொபைல் எல்லாம் ஒரே கணக்கில், கணவர் பெயரில் இருந்தன. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் முடியும். முடிகிற மாதம் கம்பெனிக்காரன் சத்தமில்லாமல் விலையை ஏற்றுவான். புதிதாய் வருகிறவனுக்குப் பாதி விலை, பதினாறு வருடமாய் இருக்கிறவனுக்கு முழு விலை. இதைவிட அக்கிரமம் உலகத்தில் உண்டா என்று அவள் கேட்பாள். முதல் தடவை கோபப்பட்டுக் குறைத்தாள். அடுத்த தடவை ஒன்றும் பேசாமல் சும்மா இருந்தே குறைத்தாள். எதிர்முனையில் இருப்பவனுக்கு மௌனம் தாங்காது, அவனே இறங்கி வருவான். அதற்கடுத்த தடவை வேறு கம்பெனிக்குப் போகிறேன் என்று மிரட்டினாள். விட்டுப் போகிறவர்களைப் பிடித்து வைப்பதற்கென்றே அங்கே ஒரு பிரிவு இருப்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. தெருவே அவளிடம் பில்லைத் தூக்கிக்கொண்டு வரத் தொடங்கியது. கீழ்வீட்டு சைக்கிள் கடைக்காரர் தன் ஒப்பந்தம் முடிகிற தேதியை அவளிடம்தான் கொடுத்து வைத்திருந்தார்.

ஆனால் கம்பெனியும் சும்மா இருக்குமா? அடி மேல் அடி வாங்கி அதுவும் தேறியிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் அவள் கூப்பிட்டபோது எடுத்த பெண்ணிடம் எந்த வித்தையும் பலிக்கவில்லை. கோபத்துக்கு மன்னிப்புக் கேட்டாள், மௌனத்துக்குக் காத்திருந்தாள், மிரட்டலுக்கு வெளியேறும் கட்டணம் எவ்வளவு என்று சொன்னாள். கடைசியில் திரையைப் பார்த்து வரிசையாகப் படித்தாள்.

"என்ன காரணத்துக்காக விலகுறீங்கன்னு போடணும் மேடம். வீடு மாறுறீங்களா? வெளிநாடு போறீங்களா? கணக்குக்காரர் இறந்துட்டாரா?"

"இறந்துட்டா என்ன பண்ணுவீங்க?"

"வெளியேறும் கட்டணம் இல்ல மேடம். குடும்பத்துல ஒருத்தர் பேர்ல அன்னைக்கே புது கனெக்‌ஷன். புது வாடிக்கையாளர் விலைதான்."

கணக்குக்காரர் எதிரே உட்கார்ந்து தேநீரில் ரொட்டியை நனைத்துக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவள் அவரைப் பார்த்தாள். அவர் ரொட்டியைக் கீழே வைத்தார், இரண்டு கையையும் நெஞ்சின் மேல் கட்டினார், நாக்கைத் தொங்கப்போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நல்லவேளை, தொண்டை அடைத்துக்கொண்டது அழுகிற மாதிரியே ஒலித்தது.

"போன செவ்வாக்கிழமை," என்றாள். "தூக்கத்துலயே."

"ரொம்ப வருத்தமா இருக்கு மேடம். சான்றிதழ் அப்புறமா அனுப்பினா போதும். இப்ப நான் சொல்றதை அப்படியே திருப்பிச் சொல்லுங்க, பதிவாகுது."

அவள் திருப்பிச் சொன்னாள். என் கணவர் இறந்துவிட்டார் என்பதையும், இனி இந்தக் கணக்கு என் பெயருக்கு மாறுவதையும் உறுதி செய்கிறேன். போனை வைத்ததும் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். "நான் செத்தும் உனக்கு லாபம்தான்" என்றார் அவர். காசு பெரிய காசு இல்லை. அந்த மாதம் அவளுக்கு வேலையும் நன்றாகவே இருந்தது. ஜெயித்தோம் என்பதுதான் கணக்கு. சான்றிதழை அப்புறம் யாரும் கேட்கவும் இல்லை.

பத்து நாளில் கம்பெனியிடமிருந்து கனமான காகிதத்தில் கடிதம் வந்தது. ஈடு செய்ய முடியாத தங்கள் இழப்பில் பங்குகொள்கிறோம் என்று முதல் பத்தி. தங்கள் புதிய திட்டத்தின் வேகம் இவ்வளவு என்று இரண்டாவது பத்தி. அவர் அதைப் பேருந்து அறிவிப்பு மாதிரி மூக்கடைத்த குரலில் உரக்கப் படித்தார். "பயணிகளின் கனிவான கவனத்துக்கு, மைக் அண்ணன் மூன்றாவது மேடையிலிருந்து புறப்பட்டுவிட்டார்." வெளியூரில் இருந்த மகளுக்குப் போன் போட்டும் படித்துக் காட்டினார். மகள் மட்டும் சிரிக்கவில்லை. "என்னம்மா இது, வாயில நல்ல வார்த்தையே வராதா? வாய் முகூர்த்தம்னு ஒண்ணு இருக்கு" என்றாள். இந்தக் காலத்துப் பெண், இவ்வளவு படித்தவள், இப்படிப் பேசுகிறாளே என்று இருவரும் அதற்கும் சேர்த்துச் சிரித்தார்கள்.

மூன்று மாதம் கழித்து, பேருந்து நிலையத்தில் பயணிகள் புகார் சொன்னார்கள். அறிவிப்பு கேட்கவில்லை, வண்டியைத் தவறவிட்டோம் என்றார்கள். மைக்கை மாற்றினார்கள். வயரை மாற்றினார்கள். மேடைக்கு மேடை இருந்த ஒலிபெருக்கியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்கள். அவருடைய ஷிஃப்ட் முடிந்து அடுத்த ஆள் உட்கார்ந்தால் கணீரென்று கேட்டது. "நான் கத்துறேன், எனக்கே காது வலிக்குது, வெளியில நிக்கிறவனுக்குக் கேக்கலைங்கிறான்" என்று வீட்டில் வந்து சொன்னார். அவளுக்கு அப்போது அவர் சொன்னது நன்றாகக் கேட்டது. வயசாகிறது, தொண்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள்.

டாக்டர் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, எல்லாம் பளபளவென்று இருக்கிறது என்றார். எடை மட்டும் குறைந்திருந்தது. அடுத்த தடவை இன்னும் குறைந்திருந்தது. என்ன சாப்பிட்டாலும் குறைந்தது. வேலையில் அவரை நீண்ட விடுப்பில் போகச் சொன்னார்கள். அதைச் சொன்ன மேலதிகாரி அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அவருக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்துச் சொன்னாராம். "அவர் பார்வையில ஏதோ கோளாறு" என்று மைக் சமாதானம் சொல்லிக்கொண்டார்.

பிறகு போன். மகள் கூப்பிடுவாள், இவர் பேசுவார். அந்தப் பக்கம் "அப்பா, அப்பா, இருக்கீங்களா? லைன்ல மூச்சுதான் கேக்குது" என்பாள். போனை மாற்றினார்கள், சிம் கார்டை மாற்றினார்கள். அவளுடைய போனிலிருந்தே பேசினாலும் அப்படித்தான். சில வாரம் கழித்து மூச்சும் கேட்கவில்லை என்றாள் மகள். "அம்மா, அப்பா பக்கத்துல இருக்காருன்னு சும்மாதானே சொல்றே? எங்கிட்ட எதையோ மறைக்கிறே" என்று அழுதாள். அடுத்த பேருந்திலேயே புறப்பட்டு வந்தாள். அப்பாவைக் கட்டிக்கொண்டாள். தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். போகும்போது படியில் நின்று, "அப்பா ஏம்மா இவ்வளவு சில்லுன்னு இருக்காரு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அத்தனை நாளும் கறார் அக்கா மனசுக்குள் எதையும் எதோடும் சேர்த்துப் பார்க்கவில்லை. பார்க்க மறுத்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு பகல் பொழுது, சக்கரத்தில் ஒரு கீழ்த்தாடையைப் பிடித்து மெருகேற்றிக்கொண்டிருந்தாள். அவர் வாசலில் வந்து நின்று ஏதோ கேட்டார். சக்கரத்தின் இரைச்சல் என்று நினைத்து அதை நிறுத்தினாள். அறை அமைதியானது. கீழே சைக்கிள் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை பார்ப்பதுகூடக் கேட்டது. அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. சத்தம் மட்டும் இல்லை. அவள் எழுந்து கிட்டே போய், உதட்டுக்கு நேராகக் காதை வைத்தாள். சின்னக் காற்று பட்டது. அவ்வளவுதான். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றிலிருந்து அவர் துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டத் தொடங்கினார். தண்ணி சூடா வேணும். கூரியர் பையன் வந்துட்டுப் போனான், என்னைப் பார்க்கவே இல்லை. இப்படி. ஒரு நாள், "கம்பெனிக்காரன் சொன்னது சரிதான் போலிருக்கு" என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரிக்கிற முகமும் போட்டிருந்தார். அவள் அந்தக் காகிதத்தைப் பிடுங்கிச் சுக்குநூறாகக் கிழித்தாள். அவர் பயந்துபோனார். அவர் பயந்ததைப் பார்த்து அவள் இன்னும் பயந்தாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பது அவளுக்குத் தெரிந்த பழமொழிதான். ஆனால் இங்கே வாய் அவளுடையது, கெடுவது அவர். அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

அன்றைக்கே கம்பெனிக்குப் போன் போட்டாள். தப்பாகச் சொல்லிவிட்டேன், என் வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறார், பதிவை மாற்றுங்கள் என்றாள். எடுத்தவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது கணக்கு விவரத்தை மாற்ற வழியில்லை மேடம், புதுப்பிக்கும்போது கேளுங்கள் என்றான். இன்னும் பதினாலு மாதம் இருந்தது. கட்டணம் கட்டி இப்போதே முடித்துக்கொள்கிறேன் என்றாள். முடித்தால் பதிவு இருந்தபடியே நிலைத்துவிடும் என்றான். வாழ்க்கையில் முதல்முறையாக அவள் பேரம் பேசாமல் போனை வைத்தாள்.

பதினாலு மாதம் காத்திருந்தாள். அவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்தாள். அவர் தூங்கும்போது உள்ளங்கையை நெஞ்சில் வைத்துப் பார்த்தாள். துடிப்பு இருந்தது, ஆனால் நன்றாக அமுக்கினால்தான் தெரிந்தது. பில்லை எடுத்துக்கொண்டு வந்த தெருக்காரர்களை, நேரமில்லை என்று திருப்பி அனுப்பினாள். சைக்கிள் கடைக்காரர் மட்டும் ஒருமுறை மாடியேறி வந்து, "அண்ணனை ரொம்ப நாளா காணோமே, ஊருக்குப் போயிருக்காரா?" என்று கேட்டார். அண்ணன் அவருக்கு இரண்டடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்து அவரைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

புதுப்பிக்க வேண்டிய நாள் வந்தது. மதியச் சாப்பாடு முடிந்து அவர் உள்ளறையில் படுத்திருந்தார். அவள் பட்டறைக் கதவைச் சாத்தவில்லை. அவர் கால்விரல்கள் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். மேஜையிலிருந்த அச்சுகளை ஒதுக்கிவிட்டு, போனை நடுவில் வைத்து எண்களை அழுத்தினாள்.

முதலில் ஒரு பையன் எடுத்தான். அவள் கணக்கைப் பார்த்தானோ இல்லையோ, கேட்காமலே விலையைக் குறைக்க ஆரம்பித்தான். அவள் பெயருக்கு அங்கே ஏதோ குறிப்பு எழுதி வைத்திருப்பார்கள் போல.

"உங்களுக்கு இருபது சதவீதம் குறைச்சுத் தரேன் மேடம்."

"அது வேண்டாம் தம்பி. என் வீட்டுக்காரர் விஷயம்."

"முப்பது போடுறேன். அதுக்கு மேல எனக்கு அதிகாரம் இல்ல."

"தம்பி, முழு விலையும் குடுக்கிறேன். ரெண்டு மடங்கு வேணும்னாலும் வாங்கிக்கோ. அவர் செத்துட்டார்னு எழுதியிருக்கறதை அழிச்சுக் குடு."

அவன் பின்னால் நூறு பேர் நூறு வாடிக்கையாளர்களோடு பேசுகிற இரைச்சல் கேட்டது. "அது வேற பிரிவு மேடம், மாத்தி விடுறேன்" என்றான். பாட்டு ஓடியது. இரண்டாவதாக ஒரு பெண் எடுத்தாள். அவளுக்குப் பின்னால் இரைச்சல் குறைவாக இருந்தது. நாலைந்து பேர் இருக்கலாம். அவளும் கேட்டுவிட்டு, இது எங்கள் பிரிவும் இல்லை என்றாள். இந்த முறை பாட்டு ஓடவில்லை. மணி அடிக்கவும் இல்லை. காதில் போனை வைத்தபடியே, யாரோ ஏற்கெனவே லைனில் இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது.

"சொல்லும்மா," என்றது குரல்.

ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத குரல். அவசரமே இல்லை. பின்னணியில் எந்தச் சத்தமும் கிடையாது, சுவரும் கூரையும் உள்ள ஓர் அறையில் இயல்பாக இருக்கிற சத்தம்கூட. வணக்கம் சொல்லவில்லை, கணக்கு எண் கேட்கவில்லை. ஆனாலும் கறார் அக்காவுக்குப் பதினெட்டு வருடப் பழக்கம், வாய் தானாகத் தொடங்கிவிட்டது. தப்பு நடந்திருக்கிறது, சான்றிதழ் நான் அனுப்பவே இல்லை, சான்றிதழ் இல்லாமல் ஒருத்தரைச் செத்ததாக எப்படி எழுதுவீர்கள் என்று பிடித்தாள்.

"சான்றிதழ் எங்களுக்கு எதுக்கும்மா? நீ சொன்னது இருக்கே," என்ற குரல், பதிவை ஓடவிட்டது.

என் கணவர் இறந்துவிட்டார் என்பதையும். அவள் குரல்தான். தெளிவாக, தடுமாறாமல். அதற்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, ஒரு மனிதர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சத்தமும் கேட்டது. ஒரு வருடத்துக்கு மேலாக அவள் கேட்காத சிரிப்பு. அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆனால் பிடி கிடைத்துவிட்டது என்ற சந்தோஷமும் கூடவே வந்தது.

"கேட்டீங்களா? பின்னாடி சிரிக்கிறார் பாருங்க. செத்தவர் சிரிப்பாரா? உங்க பதிவுலயே சாட்சி இருக்கு."

குரல் இன்னொரு முறை பதிவை ஓடவிட்டது. சிரிப்பு அவளுக்கு மறுபடியும் நன்றாகக் கேட்டது.

"எங்களுக்கு நீ பேசுறது மட்டும்தான் கேக்குதும்மா," என்றது.

அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு தன்னிடம் இருந்ததையெல்லாம் எடுத்து வைத்தாள். இரண்டு வருடம் குறைத்த பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றாள். பதினெட்டு வருடத்தில் குறைத்ததெல்லாம் தருகிறேன் என்றாள். தெருவுக்கே குறைத்துக் கொடுத்ததையும் தருகிறேன் என்றாள். பணம் வேற பிரிவும்மா என்றது குரல். கோபப்பட்டாள். குரல் கேட்டுக்கொண்டது. கடைசியில் மௌனமாக இருந்து பார்த்தாள். அந்தப் பக்கமிருந்து வந்த மௌனம் அவளுடையதைவிடப் பெரியதாக இருந்தது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அப்படியே இருக்கும் என்று புரிந்தது. அவள்தான் முதலில் வாய் திறந்தாள்.

"அப்ப என்னதான் வழி? நீங்களே சொல்லுங்க."

"மூடின கணக்கைத் திறக்க முடியாது. ஆனா உன் கணக்கு ஓடிக்கிட்டிருக்கு. அதுல அவரைச் சேக்கலாம். குடும்பத் திட்டம். உன் பேர்ல மிச்சம் இருக்கறதை ரெண்டு பேரும் பிரிச்சுக்கணும். உனக்குப் பாதி, அவருக்குப் பாதி."

எது மிச்சம் என்று அவள் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது. பிளாஸ்டர் அச்சுகள் வாய் திறந்தபடி மேஜையோரம் வரிசையாக இருந்தன. கீழே சைக்கிள் கடையில் யாரோ மணியை அடித்துப் பார்த்தார்கள்.

"எவ்வளவு மிச்சம் இருக்கு?" என்றாள்.

"அதைச் சொல்றதில்லம்மா."

"ஒரு வருஷமா, இருபது வருஷமா? அது தெரியாம நான் எப்படி..."

"சொல்றதில்ல."

முப்பத்தாறு வயது மகளின் முகம் நினைவுக்கு வந்தது. தனக்கு ஐம்பத்தெட்டு, அம்மா எழுபத்தாறு வரை இருந்தாள், அப்பா அறுபதில் போய்விட்டார் என்று மனசு தானாகக் கூட்டிக் கழித்தது. மூன்றில் ஒரு பங்கு அவருக்குப் போடுங்கள், மீதி எனக்கு இருக்கட்டும் என்ற பேச்சு பழக்க தோஷத்தில் நாக்கு நுனி வரைக்கும் வந்தும்விட்டது. அவள் கதவு வழியாக உள்ளே பார்த்தாள். விரிப்புக்கு வெளியே அவர் கால்விரல்கள் தெரிந்தன. ஜன்னல் வெளிச்சம் அவற்றின் மேல் விழவில்லை, ஊடுருவிப் போய்ச் சுவரில் விழுந்திருந்தது. விசிறியைத் தோளில் சுமந்துகொண்டு, படிக்கட்டு அதிர, "எங்க வைக்கணும்?" என்று கேட்டுக்கொண்டே ஏறி வந்த ஆள். அவருக்குப் போவதில் குறைத்துப் பேச அவளுக்கு நாக்கு எழவில்லை. அவர் இல்லாத வீட்டில் முழுசாக எத்தனை வருடம் இருந்து என்ன செய்யப்போகிறாள்?

"பாதியே போடுங்க," என்றாள்.

"நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லும்மா. பதிவாகுது."

சொன்னாள். என் பெயரில் மிச்சம் இருப்பதில் சரிபாதியை என் கணவருக்கு எழுதிக் கொடுக்கச் சம்மதிக்கிறேன். இந்த முறை ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, தெளிவாக, அழுத்திச் சொன்னாள். அவர் பெயரையும் தன் பெயரையும் முழுதாகச் சொன்னாள். யாரும் அவளை அந்தப் பெயரால் கூப்பிட்டு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. நன்றி என்றோ, அழைத்ததற்கு மகிழ்ச்சி என்றோ குரல் ஒன்றும் சொல்லவில்லை. லைன் இருந்தது, பிறகு இல்லை. அவளுக்கு நெஞ்சுக்குள் ஏதோ இறங்கிய மாதிரி இருந்தது. வலி இல்லை. மாடிப்படியில் இன்னும் ஒரு படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்து, இல்லாமல் போனால் ஒரு கணம் வருமே, அந்த அளவுதான்.

உள்ளே யாரோ இருமினார்கள். கரகரவென்று, வீடே அதிர்கிற இருமல்.

"ஏம்மா," என்றார் அவர். "யாரு போன்ல, இவ்வளவு நேரமா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் வாசலுக்கு வந்து நின்றார். தன் குரல் தனக்கே கேட்டதில் திகைத்துப்போய்த் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தா, எனக்குத் தொண்டை திறந்துடுச்சு பாரு," என்றார். பிறகு மேஜையில் இருந்த போனைப் பார்த்தார். காலண்டரைப் பார்த்தார். அவர் முகத்தில் பழைய சிரிப்பு வந்தது.

"கம்பெனிக்காரனா? இன்னைக்குத்தானே தேதி. என்ன சொன்னான், எவ்வளவு குறைச்சான்?"

"பாதி," என்றாள்.

"பாதியா?" அவருக்குத் தாங்கவில்லை. "நீ கெட்டிக்காரி. நான் அப்பவே சொல்லலை?" பால்கனிக்குப் போய்க் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, கீழே சைக்கிள் கடையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "தம்பி, கேட்டியா? எங்க வீட்டம்மா இந்த வருஷம் பாதிக்குப் பாதி பேசி முடிச்சுட்டா."

தெருக்கோடி வரைக்கும் கேட்டது.